யார் வீடும் இல்லாத வீடு

மாமாவின் தறிக்கூடத்தில் ஓர் இரும்புச் சட்டி இருந்தது. அகலமான வாய், குட்டையான கால்கள். ஒரு பக்கக் கைப்பிடி உடைந்துபோய் அந்த இடத்தில் கம்பி சுற்றியிருக்கும். வெயில் காலத்தில் மூலையில் நூல் கழிவுக்கு அடியில் கிடக்கும். ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டதும் மாமா அதை எடுத்துத் துடைப்பார். தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகளான பட்டுப் பாவு காற்றின் ஈரத்தைக் குடிக்கும். குடித்தால் இழை தளரும், ஒன்றோடொன்று ஒட்டும், நெய்யும்போது அறுந்துபோகும். அதனால் சட்டியில் கரி நெருப்பைப் போட்டு, மேலே சாம்பலைத் தூவி, இழுத்துக் கட்டிய பாவுக்குக் கீழே தள்ளிவிடுவார். கொஞ்ச நேரம் கழித்துப் புறங்கையால் பாவைத் தொட்டுப் பார்ப்பார். "இப்ப பாரு, கும்முனு நிக்கிது" என்பார். அந்த அறையில் ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு முழம் வெளி உண்டு. அணில் வந்து போகும். அந்த வெளி எதற்கு என்று யாரும் யோசித்ததில்லை. எத்தனையோ மழைக்காலம் அங்கே அந்த நெருப்பு எரிந்திருக்கிறது. யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை.

மாமா என் அக்காவின் கணவர். ஆரணியில் அவர் வீட்டிலேயே தறிகள் ஓடின. பக்கத்து ஊரான முள்ளிப்பட்டில் சில வீடுகளுக்குப் பாவும் பட்டும் கொடுத்துச் சேலையாக வாங்கிக்கொள்வார். அதிகம் பேசமாட்டார். பேசியதை மாற்றிக்கொள்ளவும் மாட்டார். குழித்தறியில் ஆண்டுக்கணக்காக உட்கார்ந்து அவருக்கு முட்டி போய்விட்டது. மாடிப்படி ஏறுவதென்றால் இரண்டு கையாலும் சுவரைப் பிடிக்க வேண்டும். அவர்களுக்கு ஒரே மகன். சென்னையில் படித்து, வேலை கிடைத்து, ஸ்காட்லாந்துக்குப் போனவன். மாமாவின் தங்கை மகளை அவனுக்குப் பேசி முடித்திருந்தார்கள். பத்திரிகை அடித்து, மண்டபம் பிடித்து, முகூர்த்தப் புடவையை மாமாவே தன் தறியில் போட்டிருந்தார். புடவை பாதி நெய்திருந்த நிலையில் பையன் போன் செய்து, தனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம் என்றான். வேறு யாரும் இல்லை, மனசு ஒப்பவில்லை, அவ்வளவுதான் என்றான். அந்தப் பெண்ணுக்கு மறு வருடமே நல்ல இடத்தில் கல்யாணம் ஆனது. ஆனால் மாமாவின் தங்கை அண்ணன் வீட்டு வாசலை மிதிப்பதை நிறுத்திக்கொண்டாள். மாமா மகனிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டார். "அவன் வூட்டுப் படிய நான் மிதிக்க மாட்டேன். அவனும் இந்த வூட்டுப் படிய மிதிக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டார். நாலு வருடம் அதிலிருந்து அசையவில்லை.

அக்கா இருவருக்கும் நடுவில் தபால்காரியாக இருந்தாள். மகன் ஞாயிற்றுக்கிழமை பேசுவான். மாமா அதே கூடத்தில் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பதுபோல் இருப்பார். "இன்னாவாம்?" என்பார் சுவரைப் பார்த்து. "ஜலதோஷமாம்" என்பாள் அக்கா. "ராத்திரில தயிர் தின்னா அப்பிடித்தான் ஆவும்னு சொல்லு." அக்கா போனில் சொல்வாள். மறுமுனையில் அவன், "தயிரே தின்னலன்னு சொல்லும்மா" என்பான். எல்லோருக்கும் எல்லாம் காதில் விழும். ஒருமுறை நான் அங்கே இருந்தபோது அக்காவுக்குப் பொறுமை போய், போனை ஸ்பீக்கரில் போட்டு நடுக்கூடத்தில் வைத்துவிட்டு, "ரெண்டு பேரும் என்ன பேஜார் பண்ணாதீங்க, நேரா பேசிக்கோங்க" என்று சமையலறைக்குப் போய்விட்டாள். போனில் அங்கே ஏதோ பஸ் போகும் சத்தம் மட்டும் கேட்டது. அதைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு மாமா எழுந்து தறிக்குப் போனார்.

அக்காவுக்கு மூச்சிரைப்பு உண்டு. அது ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டு வந்தது. ஒரு தீபாவளிச் சரக்கெல்லாம் போய்த் தறிகள் ஓய்ந்திருந்த நேரத்தில், நான் போய்ப் பிள்ளையைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றாள். தனியாகவே போவேன் என்றாள். அவளைத் தனியாக அனுப்ப மாமாவால் முடியாது என்பது அவளுக்குத் தெரியும். மாமா இரண்டு நாள் யோசித்துவிட்டு, வருகிறேன், ஆனால் அவன் வீட்டுக்கு வரமாட்டேன் என்றார். ஓட்டலிலும் தங்கமாட்டார். அவருக்கு வெளிச்சாப்பாடு ஆகாது. அக்கா இதை எதிர்பார்த்துத்தான் இருந்தாள். "அவர் வூடும் வேணாம், இவன் வூடும் வேணாம். யார் வூடும் இல்லாத ஒரு வூடு பாருடா. நான் சமைக்கணும், அடுப்பு இருக்கணும்" என்று மகனிடம் சொன்னாள். என்னையும் வரச் சொன்னாள். நான் அப்போதுதான் செய்தித்தாள் வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தேன். "உனக்கு இங்கிலீஸ் தெரியும். அதுக்கும் மேல, நடுவுல ஒரு ஆள் வேணும்டி. நான் ஒருத்தியே எவ்ளோ நாள் நிப்பேன்?" என்றாள்.

அவன் பிடித்த வீடு ஒரு தீவில் இருந்தது. பெரிய கப்பலில் போய், ஓர் இரவு தங்கி, சின்னப் படகில் ஏறிப் போக வேண்டும். கலங்கரை விளக்கைக் காவல் காத்தவர்களுக்காக ஒரு நூற்றாண்டுக்கு முன்பே கட்டிய கல் வீடு. விளக்கு தானே எரிகிற காலம் வந்த பிறகு காவலர்கள் போய்விட்டார்கள். வீட்டை வாரக் கணக்கில் வாடகைக்கு விடுகிறார்கள். பழைய வீடு என்பதால் கதவு ஜன்னலை மாற்றச் சட்டம் இடம் தராது. சுவர் என் கை நீளத்துக்குக் கனம். பாத்திரம், படுக்கை, கரி எல்லாம் இருக்கும். சாமானை நாம் கொண்டுபோய் நாமே சமைத்துக்கொள்ள வேண்டும். சுற்றிலும் மரம் ஒன்றுகூடக் கிடையாது. புல், பாறை, ஆடுகள். மழை மேலிருந்து விழாமல் பக்கவாட்டில் வந்தது. மதியச் சாப்பாட்டுப் பாத்திரம் கழுவி வைப்பதற்குள் இருட்டத் தொடங்கிவிடும். மாமா முதல் நாள் வாசலில் நின்று நாலு பக்கமும் பார்த்துவிட்டு என்னிடம், "இங்க இன்னாத்துக்குமா வாடகைக்கு வராங்க?" என்றார். நிம்மதிக்காக வருகிறார்களாம் என்றேன். "இவ்ளோ நிம்மதி யாருக்கு வேணும்?" என்றார்.

சாவியைத் தந்தவள் அங்கேயே குடியிருக்கும் ஒரு நடுத்தர வயதுப் பெண். வீட்டைக் கவனித்துக்கொள்வது அவள் வேலை. நடு அறையில் இருந்த, கரி எரிக்கிற, புகைபோக்கி வைத்த இரும்புக் கணப்பை எப்படிப் பற்றவைப்பது என்று காட்டினாள். படுக்கையறைகளுக்குச் சிறிய மின்சார ஹீட்டர் இருந்தது. கூரையில் ஆங்காங்கே வெள்ளை வட்டப் பெட்டிகள் ஒட்டியிருந்தன. அவள் போன கொஞ்ச நேரத்தில் அக்கா ரசத்துக்குக் கடுகும் மிளகாயும் தாளித்தாள். வீடு முழுவதும் ஒரே நேரத்தில் அலறியது. ஒரு பெட்டி கத்தினால் எல்லாப் பெட்டிகளும் சேர்ந்து கத்துகிற ஏற்பாடு. மாமா காதைப் பொத்திக்கொண்டு, "இன்னா இது, ரசம் வெச்சா போலீஸ் வருமா? அத்த நிறுத்தச் சொல்லு" என்றார். அக்கா மகனைப் பார்த்தாள். அவன் நாற்காலி போட்டு ஏறி, ஒவ்வொன்றாகத் திருகிக் கழற்றி, பாட்டரியைப் பிடுங்கி, சமையலறை இழுப்பறையில் போட்டான். அப்பா முதல் நாளே கோபித்துக்கொண்டு கிளம்பிவிடக் கூடாது என்பதுதான் அவன் கவலை. அவற்றில் சில புகைக்கானவை. ஒன்று மட்டும் வேறு. கரியிலிருந்து வருகிற, கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாத நச்சுக் காற்றுக்கானது. பார்ப்பதற்கு எல்லாம் ஒரேமாதிரி இருந்தன. எங்கள் வீட்டுச் சமையல் தெரிந்த யாரும் அன்று அதைத்தான் செய்திருப்பார்கள்.

அடுத்த சில நாட்கள் அக்கா நினைத்தபடியே நடந்தன என்றுதான் சொல்ல வேண்டும். மாமா கணப்பின் முன் உட்கார்ந்து, பொதுவாகக் காற்றிடம், "கரி நமுத்துப் போயிருக்குது" என்றார். மகன் மறுநாள் கடைக்குப் போய்க் காய்ந்த கரி மூட்டை தூக்கி வந்தான். அவன் போட்ட ஸ்வெட்டரின் முழங்கையில் இழை விட்டிருந்தது. அதைக் கழற்றி அவன் நாற்காலியில் போட்டிருந்தபோது மாமா எடுத்து, அக்காவின் ஊசியால் இழை தெரியாமல் முடிந்துவைத்தார். அவன் அதைப் போட்டுக்கொண்டு, முழங்கையைத் தடவிப் பார்த்தான். அக்கா அடுப்படியில் நின்று என் இடுப்பில் கிள்ளினாள். "இன்னும் ரெண்டு நாள்டி. பேசிடுவாரு" என்றாள். ஈரக் காற்று அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. இரைப்பு கூடியிருந்தது. படுக்கை, போர்வை, தலையணை எல்லாவற்றிலும் பிசுபிசுவென்று ஈரம். மாமா போர்வையைப் புறங்கையால் தொட்டுப் பார்ப்பதும் முகம் சுளிப்பதுமாக இருந்தார்.

பிறகு புயல் வந்தது. காலையிலேயே மின்சாரம் போயிற்று. ஹீட்டர் நின்றது. மதியம் சாப்பிட்டுவிட்டு அக்கா படுத்தாள். படகு எப்போது வரும் என்று கேட்டுவரவும் மெழுகுவத்தி வாங்கவும் நானும் பையனும் துறைக்கு நடந்தோம். காற்று தள்ளியதில் போகவர நேரமாகிவிட்டது.

திரும்பி வந்தபோது மாமா கணப்பின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நெற்றியை அழுத்திப் பிடித்திருந்தார். எங்களைப் பார்த்ததும் விரலை உதட்டில் வைத்தார். "தூங்குறா. சத்தம் போடாதீங்க" என்றார் என்னிடம். அவர் குரலில் அந்த வாரம் முழுவதும் இல்லாத ஒரு தெம்பு இருந்தது. "இரைப்பே இல்ல இப்ப. ரூம நம்ம தறிக்கூடம் மாதிரி ஆக்கிட்டேன். போய்ப் போர்வைய தொட்டுப் பாரு."

கதவின் அடியில் துண்டைச் சுருட்டி அடைத்திருந்தார். அதைத் தள்ளித்தான் திறக்க வேண்டியிருந்தது. ஜன்னல் சந்துகளில் செய்தித்தாளை மடித்து, நூல் கோக்கிற நேர்த்தியோடு செருகியிருந்தார். கட்டிலுக்குக் கீழே ஒரு வறுவல் சட்டியில் கரி நெருப்பு, மேலே சாம்பல் தூவி. அறை கதகதப்பாக இருந்தது. போர்வை உண்மையில் காய்ந்திருந்தது. அக்காவின் முகத்தில் ரத்த ஓட்டம் நன்றாகத் தெரிந்தது. கூப்பிட்டதற்கு அவள் கண் திறக்கவில்லை.

பையனுக்குத்தான் முதலில் புரிந்தது. "அம்மாவ வெளிய தூக்கு சித்தி" என்று கத்திக்கொண்டே அவன் நாற்காலியால் ஜன்னலை உடைத்தான். அவளைப் போர்வையோடு வாசலுக்கு இழுத்து வந்து மழையில் போட்டோம். மாமா பின்னாலேயே குடையோடு ஓடிவந்தார். "நனையறா, நனையறா, உள்ள தூக்குங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

தீவில் ஒரு நர்ஸ் இருந்தாள். பிராணவாயு உருளையோடு வந்தாள். காற்று அடங்கும்வரை ஹெலிகாப்டர் வர முடியாது என்றார்கள். நடு அறையில் கதவு ஜன்னலெல்லாம் திறந்துபோட்டு, அக்காவின் முகத்தில் முகமூடி கட்டி உட்கார்ந்திருந்தோம். வீட்டைக் கவனிக்கும் பெண்ணும் அந்தத் தீவின் போலீஸ்காரரும் வந்தார்கள். அவர் இளைஞர், மிகவும் மரியாதையானவர். எதனால் இப்படி ஆனது என்று நர்ஸ் சொன்னதை நான் மாமாவுக்குத் தமிழில் சொன்னேன். சட்டியில் இருந்த கரி நெருப்பு என்று சொன்னேன். அறையில் வெளியேற வழி இல்லாததால் அந்த நச்சுக் காற்று அங்கேயே நின்றுவிட்டது என்று சொன்னேன். மாமா என் முகத்தையே பார்த்தார். "நம்ம கூடத்துல..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கிற அந்த வெளியை அவர் நினைத்திருக்க வேண்டும்.

கூரையைக் காட்டி, இங்கிருந்த கருவி எங்கே, யார் எடுத்தது என்று போலீஸ்காரர் கேட்டார். பையன் வாயைத் திறக்குமுன் மாமா என் கையைப் பிடித்தார். என்ன கேட்கிறார் என்றார். சொன்னேன்.

"நான்தான் எடுத்தேன்னு சொல்லு. சத்தம் போட்டுகினே இருந்துச்சு, நான்தான் புடுங்கிப் போட்டேன்."

நான் அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். போலீஸ்காரர் மாமாவின் முட்டியைப் பார்த்தார். கூரையை ஒருமுறை பார்த்தார். "இல்லை, நான்தான்" என்று பையன் ஆங்கிலத்தில் ஆரம்பித்தான். மாமாவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் மகன் என்ன சொல்கிறான் என்பது தெரிந்தது. அவன் பக்கம் திரும்பினார்.

"நீ சும்மா இருடா" என்றார்.

நாலு வருடத்தில் அவர் மகனிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை அதுதான். பையன் சும்மா இருந்தான். அக்கா பக்கத்தில் கண் மூடிக் கிடந்தாள். போலீஸ்காரர் இரண்டு பேர் சொன்னதையும் எழுதிக்கொண்டார். விபத்து என்று முடித்தார்கள்.

அக்கா பிழைத்தாள். மறுநாள் ஹெலிகாப்டர் கொண்டுபோன பெரிய ஊர் ஆஸ்பத்திரியில் கண் விழித்து, காபி கேட்டாள். அங்கிருந்த நாட்களில் மாமா மகன் வீட்டில்தான் தங்கினார். வேறு வழியில்லை. படியைப் பற்றி யாரும் பேசவில்லை. அக்கா நடந்தாள், சிரித்தாள். ஊருக்கு வந்தோம். சில வாரம் நன்றாக இருந்தாள். பிறகு ஒருநாள் பாலை அடுப்பில் வைத்துவிட்டு எதிரிலேயே நின்று அது பொங்கி வழிவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த நச்சில் சிலருக்கு இப்படித் தாமதமாக மூளை பாதிக்கும் என்று வேலூரில் டாக்டர் சொன்னார். பழையது இருக்கும், புதிது தங்காது என்றார். அக்காவுக்குத் தீவு நினைவில்லை. விமானம் ஏறியது நினைவில்லை. பாதி நெய்த முகூர்த்தப் புடவை நினைவிருந்தது. அப்பனும் மகனும் பேசாமலிருப்பது நினைவிருந்தது.

தினமும் சாயங்காலம் விளக்கு வைத்ததும் கேட்பாள். "இன்னாங்க, அவன்கிட்ட ஒரு வார்த்த பேசக்கூடாதா?"

முதலில் மாமா உண்மையைச் சொன்னார். நாங்கள்தான் தினமும் பேசுகிறோமே என்றார். அவள் நம்பவில்லை. தன்னைச் சமாதானப்படுத்தப் பொய் சொல்கிறார் என்று அழுதாள். உடனே அவள் எதிரிலேயே போனைப் போட்டு மகனிடம் பேசிப் பார்த்தார். இவ்வளவு சுலபமாகப் பேசிவிட்டாரே என்று அவளுக்கு அதிலும் சந்தேகம். கடைசியில் மாமா ஒரு முறையைக் கண்டுபிடித்தார். அவள் கேட்டதும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார். "அவன்கிட்ட நான் இன்னாத்துக்குப் பேசணும்? சபையில தலகுனிய வெச்சவன்" என்பார். அக்கா கெஞ்சுவாள். கொஞ்சம் திட்டுவாள். தன் மூச்சிரைப்பைச் சொல்லிக்காட்டுவாள். மாமா அரை மனதாக, "சரி, ஒனக்காவ" என்று போனை எடுப்பார். அங்கே மகன் வேலைநேரத்தில் காத்திருப்பான். "அப்பா" என்பான். "ம், எப்பிடிடா இருக்க?" என்பார் மாமா. அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுவாள். சாமி படத்துக்கு முன்னால் கற்பூரம் ஏற்றுவாள். இரவு சாப்பாட்டுக்குள் மறந்துவிடுவாள்.

இது கிட்டத்தட்ட இரண்டு வருடமாக நடக்கிறது. ஒருமுறை பையன் என்னிடம், "சித்தி, அப்பா டெய்லி போன் போட்டப்புறமும் அம்மா காதுல விழ ஒரு திட்டுத் திட்டிட்டுத்தான் பேசறாரு. நடிக்கிறாருன்னு தெரியும். ஆனா சிலநாள் நெசமாவே திட்டற மாதிரி இருக்குது" என்றான். மாமாவிடம் நான் இதைச் சொல்லவில்லை. அவர் திட்டுகிற நேரம் நாளுக்கு நாள் கூடிக்கொண்டு போவதை நானும் பார்த்திருக்கிறேன். யாரைத் திட்டுகிறார் என்பது எனக்குத் தெரியாது.

போன மாதம் ஆரணிக்குப் போயிருந்தேன். நல்ல மழை. விளக்கு வைத்தாயிற்று. அக்கா நாற்காலியில் உட்கார்ந்து புடவை ஓரத்தை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். மாமா அவர் இடத்தில் தயாராக உட்கார்ந்திருந்தார். அவள் கேட்கவில்லை. மாமா தொண்டையைச் செருமினார். போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். வேலைக்காரப் பெண் காபி டம்ளரை எடுத்துப் போனாள். தெருவில் ஒரு வண்டி நின்று, யாரையோ ஏற்றிக்கொண்டு போனது.

"இன்னா, இன்னிக்கு ஒன்னும் கேக்கலையா?" என்றார் மாமா.

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். "இன்னாங்க கேக்கணும்?"

"அவன்கிட்ட பேசச் சொல்லிக் கேப்பியே."

"எவன்கிட்ட?" என்றாள் அக்கா. சாதாரணமாகத்தான் கேட்டாள். பக்கத்து வீட்டு விஷயத்தைக் கேட்பதுபோல.

மாமா என்னைப் பார்க்கவில்லை. சுவரிலிருந்த மகனின் பட்டமளிப்புப் படத்தை எடுத்துவந்து காட்டுவார் என்று நினைத்தேன். அவர் அதைச் செய்யவில்லை. அதற்கும் அவள் அதே பதிலைச் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயமாக இருக்கலாம். மடியில் போன் அடித்தது. வழக்கமான நேரம் தாண்டியதால் பையனே கூப்பிட்டிருந்தான். மாமா சுவரைப் பிடித்து எழுந்து தறிக்கூடத்துக்குப் போய்விட்டார். பாவு விரித்த தறிகளுக்கு நடுவே, எனக்கு முதுகைக் காட்டி நின்று பேசினார். பையன் என்ன கேட்டான் என்பது எனக்குக் கேட்கவில்லை. மாமா சொன்னது மட்டும் கேட்டது.

"கேட்டாடா. கேக்காம இருப்பாளா? நான்தான் இன்னிக்குக் கொஞ்சம் ஜாஸ்தியா மொறண்டு புடிச்சிட்டேன். அழுதுட்டுத் தூங்கிட்டா. நாளிக்கு ஜல்தியா போடறேன்."

கூடத்தில் அக்கா விழித்துத்தான் இருந்தாள். மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.